குதிகாலில் ஒட்டிய தார்



அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழக மாணவர்க்குத் 'தார் ஹீல்ஸ்' என்பது பட்டப்பெயர். தார் ஒட்டிய குதிகாலினர் என்பது அதன் பொருள். கல்விக்கூடத்திற்கு இப்படியும் ஒரு பெயரா என வியந்து நாம் அச்சொல்லின் வழியே சென்று பார்த்தோம்.

'தார்' நமக்கு ஆங்கிலத்தினின்று வந்த சொல். நம் பழஞ்சொல் கீல் என்பது. ஆங்கிலச் சொல்லோ மரத்தைக் குறித்த தொல்வேர் ஒன்றில் பிறந்தது. தேவதாருவில் உள்ள 'தாரு'வும் அவ்வேரினதே. சாலையில் இடும் தாருக்கு முன்பே மரத்தார் இருந்தது என்க.

வட கரோலைனாவில் பைன் காடுகள் மிகுதி. பிசின் ஊறிய பட்ட கட்டைகளை அடுக்கி, மண்ணால் மூடி, நாட்கணக்கில் கனிய விடுவர். தார் கசிந்து வாய்க்கால் வழியே ஓடிவரும். அதைப் பீப்பாய்களில் நிரப்புவர். மரக்கலங்களின் பலகைக்கும் கயிற்றுக்கும் அது இன்றியமையாதது. 1705ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆங்கில அரசு அதற்கு ஊக்கத்தொகையும் அளித்தது. அச்சூளைகளில் வெந்து உழைத்தோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையருமே. அவர்தம் காலில் ஒட்டிய கறையே பிறர் வாயில் ஏளனப் பெயராயிற்று.

1781இல் ஆங்கிலப் படை ஆற்றைக் கடக்கையில் தார் ஒட்டியதால் வந்த பெயர் என்றொரு கதை உண்டு. அக்காலத்து எழுத்துச் சான்று அதற்கு இல்லை. நாம் அதனை ஏற்பதற்கில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில்தான் அம்மாநிலத்துப் படைவீரர் இப்பெயரைத் தமதாக்கினர். தார் போலக் களத்தில் ஒட்டி நிற்பவர் எனப் புதுப்பொருளும் ஏற்றப்பட்டது. 1893இல் மாணவர் தொடங்கிய இதழுக்கும் அதுவே பெயர்.

ஏளனச் சொல் பெருமைச் சொல்லான கதை என்று பலர் இத்துடன் முடித்துவிடுவர். நம்மால் முடிக்க இயலவில்லை. அப்படைவீரர் போரிட்டது அடிமைமுறையைக் காக்க முனைந்த தரப்பில் அன்றோ? தார் காய்ச்சியவனின் விலங்கைக் காத்துக்கொண்டே அவன் காற்கறையைத் தம் பட்டமாகச் சூடிக்கொண்டனர்!

நம் முன்னோர் சென்ற வழி வேறு. பிறர் இட்ட இழிபெயர்க்குப் புதுப்பொருள் தேடாமல் அதனையே உதறினர், எம்.சி. ராஜா முதலியோர் முயற்சியால் 1922இல் 'ஆதி திராவிடர்' என்னும் பெயர் சென்னை மாகாண அரசாணையில் ஏறியது.

அப்பல்கலைக்கழகம் 1795இல் திறக்கப்பட்டது. அதன் முதற்கட்டடத்தை எழுப்பியதிலும் அடிமைகளின் உழைப்பு உண்டு. ஆயினும் நீதிமன்றத் தீர்ப்புகளின் பின்னரே, 1951இல் சட்ட வகுப்பிலும் 1955இல் இளங்கலை வகுப்பிலும் கறுப்பின மாணவர் கால் வைத்தனர். இடைப்பட்டவை 160 ஆண்டுகள். அவ்வளாகத்தை உருவாக்கிய அடிமைகளுக்கும் பிற கறுப்பின உழைப்பாளர்க்கும் 2005இல் அங்கே ஒரு நினைவுச்சின்னம் திறந்தனர். அது ஒரு கருங்கல் மேசை. அதனைத் தாங்கி நிற்பவை 300 சிறு வெண்கல உருவங்கள்.