கல்லாப்பெட்டியும் கடன் அட்டையும்

பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நாளாகிய தீபாவளி, வடபுலத்து வணிகர் பலர் புதுக்கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் நாளும் ஆகும். ஆன்மாவின் கணக்கும் கடையின் கணக்கும் ஒருங்கே நினைக்கப்படும் இத்திருநாளில், சிறு வணிகரைக் குழப்பும் கேள்வி ஒன்றை ஆராய்வது பொருத்தமே. பொருள் வாங்குவோர் அட்டையாலோ கைப்பேசியாலோ பணம் செலுத்தினால், அதற்கு ஆகும் செலவை ஏற்க வேண்டியவர் யார்?

யானைக்கவுனிக்கு இத்தகைய கேள்வி புதிதன்று. கவுனி என்பது கோட்டை வாயில். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கறுப்பர் நகரைச் சூழ மதில் எழுப்பினர். அதன் வாயில்களுள் ஒன்றே யானைக்கவுனி. மதிலுக்கு ஆன செலவை நகரவாசிகளிடம் வரியாகப் பெறக் கம்பெனி எண்ணியது. ஆனால் அவ்வரி வசூலாகவில்லை. மதிலின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பலருக்கும் பயன்படும் ஒரு வசதியின் செலவை யார் தலையில் சுமத்துவது என்னும் வழக்கு அன்றே இங்கு எழுந்தது.

அடுத்துள்ள சௌகார்பேட்டையின் பெயரே பணம் கொடுக்கல் வாங்கலில் ஈடுபட்ட சௌகார்களால் அமைந்தது. பணமூட்டையைச் சுமந்து செல்லாமல், உண்டியல் என்னும் ஓலையை அனுப்பி வேற்றூரில் பணம் பெறும் முறையை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். உண்டியலை மாற்றித் தருவோர் வட்டம் என்று ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொண்டனர். இன்று அட்டைப் பணத்தில் வங்கி கழித்துக்கொள்ளும் கட்டணமும் அந்த வட்டத்தின் புதிய வடிவமே.

2016 ஏப்ரலில் யுபிஐ முறை அறிமுகமானது. அவ்வாண்டு நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்ட பின், மின்வழிப் பணம் சிறு கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. 2020 ஜனவரி முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் வங்கிக் கட்டணம் பெறலாகாது என்று அரசு விதித்தது. கடன் அட்டையின் நிலை வேறு. அதற்கான கட்டணம் வங்கிக்கு வங்கி, அட்டைக்கு அட்டை மாறுபடும்; ஏறத்தாழ 2 சதவீதம் என்பது பொதுவான அளவு. அக்கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு.

ஒரு பாத்திரக் கடையைக் கற்பனை செய்து கணக்கிடலாம். விற்பனை 10,000 ரூபாய். கடைக்காரரின் இலாபம் 5 சதவீதம், அதாவது 500 ரூபாய். கடன் அட்டைக் கட்டணம் 200 ரூபாய்; வரி 36 ரூபாய். எஞ்சுவது 264 ரூபாய். இலாபத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. ஜிஎஸ்டி பதிவு பெற்று முறையாக வரி செலுத்துவோர் அந்த 36 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள இயலும். எனினும் 200 ரூபாய் போனது போனதுதான். ஆகவே சிறு வணிகரின் கவலையைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

ஆயினும் அக்கவலை தவறான வழிக்கு இட்டுச் செல்லலாகாது. விலை பேசி முடித்துப் பொருளைக் கட்டிக் கொடுத்த பின், "கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூடுதல்" என்று சொல்லும் வழக்கம் பல கடைகளில் உள்ளது. டெபிட் கார்டுக் கட்டணத்தை வாங்குவோர்மேல் சுமத்தலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் அட்டைக்கும் வங்கியுடன் செய்யும் ஒப்பந்தம் பெரும்பாலும் அதையே சொல்லும். விதி ஒருபுறம் இருக்க, சொன்ன விலை ஒன்று, வாங்கிய விலை வேறொன்று என்பது வணிக நேர்மைக்கும் ஒவ்வாது.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் கள்ளாமையும் ஒன்று. அதற்கு நேரும் குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாக வகுக்கிறது. குறைத்து அளந்து கொடுத்தலும் மிகுத்து அளந்து கொள்ளுதலும், அரசின் விதியை மீறிப் பொருள் ஈட்டலும் அவற்றுள் அடங்கும். பிறர் பெட்டியை உடைப்பது மட்டுமன்று, தராசுத் தட்டில் விரல் வைப்பதும் களவே. விலையில் ஒளித்து வைக்கும் இரண்டு சதவீதமும் அவ்விரலைப் போன்றதே.

அவ்வாறாயின் சிறு வணிகர் செய்யத்தக்கது யாது? வழிகள் இரண்டு உள்ளன. கட்டணத்தையும் கடை வாடகை, மின்சாரம் போன்ற செலவாகக் கருதி, எல்லார்க்கும் ஒரே விலை வைப்பது முதல் வழி. அது இயலாதெனில், ரொக்கமும் யுபிஐயும் மட்டும் ஏற்கப்படும் என்று வாயிலிலேயே எழுதி வைப்பது இரண்டாம் வழி. இரண்டும் நேர்மையானவை, உள்ளே அழைத்த பின் மாற்றிப் பேசுவதே பிழை. கைப்பேசியோ அட்டையோ இல்லாத முதியவரும் கூலித் தொழிலாளியும் நீட்டும் ரொக்கத்தை மறுக்காதிருப்பதும் கடமையே.

எச்சரிக்கையும் வேண்டும். வாங்குவோர் காட்டும் கைப்பேசித் திரையை நம்பாமல், பணம் தம் கணக்கில் வந்ததை உறுதி செய்தபின் பொருளைக் கொடுத்தல் நலம். கடை திறந்தவுடன், ஒட்டிய க்யூஆர் அட்டை தம்முடையதுதானா என்று பார்த்தல் நலம். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இட வேண்டியதில்லை. அதைக் கேட்பவர் ஏமாற்றுக்காரர். வாடிக்கையாளரின் அட்டை எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் கூடாது; 2022 அக்டோபர் முதல் வணிகர் அதைச் சேமித்து வைப்பதை ரிசர்வ் வங்கி தடை செய்துள்ளது. பொருள் திரும்பி வந்தால், அட்டையில் பெற்ற பணத்தை அதே அட்டைக்கே திருப்புதல் முறை. பின்னாளில் வாங்கியவர் வங்கியில் முறையிட்டால், பில்லும் ஒப்புகைச் சீட்டுமே கடைக்காரர்க்குச் சான்று.

மின்வழிப் பணம் கணக்கில் தெரிந்துவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. உள்ளதை உள்ளபடி எழுதுவோர்க்கு அவ்வச்சம் எதற்கு? கல்லாப்பெட்டி மரத்தால் ஆனதாயினும் கைப்பேசிக்குள் அடங்கியதாயினும், அதனுள் விழும் ஒவ்வொரு காசும் வாங்கியவர் அறிந்து, இசைந்து கொடுத்ததாக இருத்தல் வேண்டும். புதுக்கணக்கின் முதல் வரி அதுவாகட்டும்.