கை நடுக்கம் போச்சா என்று கேட்டவர்களுக்கு

(நம் குடியிருப்பின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மே மாதம் நானும் என் மனைவியும் போர்ச்சுகலில் உள்ள பாத்திமா, பிரான்சில் உள்ள லூர்து என்ற இரண்டு மாதா திருத்தலங்களுக்கும் போய் வந்தோம். வந்த நாளிலிருந்து லிஃப்டில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றைத்தான்: "அக்காவுக்குக் கை நடுக்கம் போச்சா சார்?" அவளுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஐந்து வருடம் ஆகிறது. அக்கறையோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் லிஃப்ட் மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. செயலாளர் பேசச் சொன்னதும் ஒத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

போகவில்லை. மூன்று வேளை மாத்திரையும் நடக்கிறது. கிளம்பும் முன் டாக்டரிடம் நேர வித்தியாசத்தைச் சொல்லி, எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினோம். உங்களில் யார் வெளிநாடு போனாலும் இதைச் செய்யுங்கள்.

பாத்திமாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1917-ல் மே முதல் அக்டோபர் வரை ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு மாதா காட்சி தந்த இடம். பெரிய மைதானம். நேர்ச்சை செய்தவர்கள் முழங்காலிலேயே நகர்ந்து போக அங்கே தனிப் பாதை இருக்கிறது. நம்மூர் அங்கப்பிரதட்சணம் மாதிரி.

லூர்து பைரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள சின்ன ஊர். 1858 பிப்ரவரி 11-ஆம் தேதி, விறகு பொறுக்கப் போன 14 வயது பெர்னதெத்துக்கு ஆற்றோரக் குகையில், அதை நாங்கள் கெபி என்போம், மாதா காட்சி தந்தார். மொத்தம் 18 முறை. பெர்னதெத்தின் குடும்பம் அப்போது கைவிடப்பட்ட பழைய சிறைச்சாலை அறை ஒன்றில் குடியிருந்தது, அவ்வளவு வறுமை. நம் பக்கத்து லூர்துசாமிகளும் லூர்துமேரிகளும் அந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கிறார்கள். பெரம்பூர் லூர்து மாதா கோயிலும் அப்படியே.

பிப்ரவரி 25 அன்று அவள் கையால் சேற்றைத் தோண்டிய இடத்தில்தான் ஊற்று. இன்று அந்தத் தண்ணீர் குழாய்களில் இலவசமாக வருகிறது. என்னிடம் பாட்டில் கொடுத்துவிட்டவர்களில் கிறிஸ்தவர்களைவிட மற்றவர்கள்தான் அதிகம். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால், எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் துணி சுற்றி வைத்துக் கொண்டுவந்தேன்.

பேரேட்டோடு வாழ்ந்தவன் நான். அதனால் எனக்கு அங்கே மிகவும் பிடித்தது மருத்துவ அலுவலகம்தான். குணமானதாகச் சொல்பவர்களை 1883 முதல் அங்கே பரிசோதித்துப் பதிவு செய்கிறார்கள். எந்த மதத்து மருத்துவரும் அந்தப் பரிசோதனையில் கலந்துகொள்ளலாம். நோய் உண்மையா, குணம் திடீரென்று வந்ததா, முழுமையா, நிலைத்ததா என்றெல்லாம் கேட்கிறார்கள். மருத்துவர்கள் "எங்களால் விளக்க முடியவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அற்புதம் என்று அறிவிப்பது குணமானவருடைய மறைமாவட்ட ஆயர். வவுச்சர் எழுதுகிறவர் ஒருவர், பாஸ் செய்கிறவர் வேறொருவர். எங்கள் வங்கி நடைமுறையேதான்! பதிவானவை 7,000-க்கு மேல். அவற்றில் எழுபதாவது அற்புதம் 2018-ல்தான் அறிவிக்கப்பட்டது. குணமான அந்தக் கன்னியாஸ்திரியின் கோப்பு பத்து வருடம் ஆய்வில் இருந்தது.

பெர்னதெத்துக்கே சிறு வயதிலிருந்து ஆஸ்துமா. பிறகு கன்னியர் மடத்தில் சேர்ந்து, காசநோய் முழங்கால் எலும்பில் இறங்கி, 1879-ல் 35 வயதில் இறந்தாள். இதை வழிகாட்டி சொன்னபோது என் மனைவி காதோடு சொன்னாள்: "ஊற்றைத் தோண்டினவளுக்கே குணமாகலையே, எனக்கு மட்டும் என்னங்க அவசரம்?" சென்னையிலிருந்து என் நெஞ்சில் ஏறியிருந்த கல் அப்போதுதான் இறங்கியது. அவள் ஏமாந்து திரும்புவாளோ என்ற பயம் எனக்கு.

ஊற்றுநீர்ச் சடங்கில் தொண்டர் ஒருவர் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார். நாம் கையும் முகமும் கழுவி, அள்ளிக் குடிக்கவேண்டும். இவள் கையில் தண்ணீர் நிற்கவில்லை. ஊற்றிய அம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் கைகளை இவள் கைகளுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். வேறொருவர் ஊற்றினார். இவள் குடித்தாள்.

இரவு ஒன்பது மணிக்கு மெழுகுதிரி பவனி. தொண்டர்கள் இழுக்கும் நீல நிற வண்டிகளிலும் சக்கர நாற்காலிகளிலும் நோயாளிகள்தான் முன்னால் போகிறார்கள். நடக்கத் தெரிந்த நாமெல்லாம் பின்னால். அந்த ஊரில் வழியும் இடமும் முதலில் நோயாளிக்கு. அங்கே சாப்பாட்டு அறையில் இவள் சூப்பைச் சிந்தினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கவனித்திருப்பீர்கள், இரண்டு வருடமாக நம் பொங்கல் விழாவில் அவள் கையில் காப்பி டம்ளர் இருந்ததில்லை. வாசலோடு திரும்பிவிடுவாள்.

அதனால் ஒரு கோரிக்கை. நம் பி பிளாக் வாசலில் மூன்று படி. சாய்தளம் கிடையாது. எனக்குத் தெரிந்து நான்கு வீட்டில் வாக்கர் இருக்கிறது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. நம் படிகளின் உயரம் ஒன்றரை அடி; ஆகப் பதினெட்டு அடி வேண்டும். காய்ந்துபோன பூச்செடிப் பாத்தி பக்கம் அதற்கு இடம் இருக்கிறது, நானே டேப் வைத்து அளந்துவிட்டேன். இரண்டு கொட்டேஷன் வாங்கிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. தயவுசெய்து வந்து கை தூக்குங்கள்.

பாட்டில் கொடுத்தவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். கொடுக்காதவர்களும் சின்னதாக ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள், பெரிய கேன் ஒன்று மீதமிருக்கிறது. அவள்தான் ஊற்றித் தருவாள். கொஞ்சம் சிந்தும்.