அவிழ்த்துவிட்ட நாய்க்கு யார் பொறுப்பு?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



இந்த மாதம் மருத்துவ உதவி கேட்டு நமக்கு வந்த மனுக்களில் ஒன்று நாய்க்கடிக்கானது. கடித்தது தெரு நாய் அல்ல, நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் வளர்கிற நாய். சுபுஹுக்குப் பிறகு மக்தபுக்குப் போன பிள்ளையின் கெண்டைக்காலைக் கவ்வியிருக்கிறது. பிள்ளை நலம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இரண்டு குடும்பமும் இப்போது ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை. "பிள்ளை ஓடினான், அதனால் துரத்தியது" என்கிறார்கள் ஒரு வீட்டார். "கட்டிப் போட்டிருந்தால் எப்படித் துரத்தும்?" என்கிறார்கள் மற்றவர்கள்.

நாய் வளர்க்கலாமா என்பதை நாம் இங்கே விவாதிக்கவில்லை. வேட்டைக்கும், ஆடு மாடுகளுக்கும், பயிர்க் காவலுக்கும் அனுமதி உண்டு என்று ஹஜ்ரத்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் அவர்களிடமே கேளுங்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸும் நமக்குத் தெரியும். நம் கேள்வி வேறு. வைத்திருப்பவர்தான் அதன் பல்லுக்கும் பதில் சொல்ல வேண்டுமா?

நாட்டின் சட்டம் ஆம் என்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி, தன் வசமுள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'தன் வசமுள்ள' என்பதைக் கவனியுங்கள். "அது தோப்பு நாய், காவல்காரர்தான் சோறு போடுகிறார்" என்று தோப்புக்காரரும், "முதலாளி வீட்டு நாய்" என்று காவல்காரரும் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சு போலீஸ் நிலையத்தில் எடுபடாது.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. நாய்களின் உரிமையாளர் கைதானார். பொது இடத்துக்குக் கொண்டுவரும் நாய்க்குக் கயிறும் வாய்மூடியும் வேண்டும், வளர்ப்பதற்கு உரிமம் வேண்டும் என்று மாநகராட்சி கண்டிப்புக் காட்டியது அதற்குப் பிறகுதான். ஒரு ஏழைப் பிள்ளையின் தலை கிழிந்த பிறகு!

மார்க்கத்திலும் இதற்கு வழி இருக்கிறது. பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களுடைய ஒட்டகம் ஒரு அன்சாரித் தோழரின் தோட்டத்தில் புகுந்து நாசம் செய்தது. வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் கால்நடை செய்யும் சேதத்துக்குக் கால்நடைக்காரர் பொறுப்பு என்று தீர்ப்பானது. இது ஒட்டகத்தின் வழக்குதான், நாயின் வழக்கு அல்ல. ஆனாலும் நமக்கு அதில் பாடம் உண்டு. நம்மவர்கள் காவலுக்காக நாயை அவிழ்த்துவிடுவது இரவில்தான். திரும்பக் கட்டுவது வெயில் ஏறிய பிறகு. இடையில் அதே தெருவில் யார் நடக்கிறார்கள்? கைத்தடியோடு சுபுஹுக்குப் போகும் முதியவர்கள், பால் வாங்கப் போகும் பெண்கள், மக்தப் பிள்ளைகள். இரவில் அவிழ்க்கத்தான் வேண்டுமென்றால் சுற்றுச்சுவருக்குள் அவிழ்த்துவிடுங்கள், கேட்டைப் பூட்டுங்கள், பாங்கு சொல்வதற்கு முன் கட்டிவிடுங்கள்.

அதற்காக நாள் முழுவதும் ஒரு முழச் சங்கிலியில் கட்டிவைப்பதும் தீர்வல்ல. அப்படிக் கிடக்கும் நாய்க்கு வெறிதான் ஏறும். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கிழடானதும் ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வருவதும் குற்றம். நடத்திக் கூட்டிப்போகும்போது கயிறு பெரியவர் கையில் இருக்கட்டும். எட்டு வயதுப் பையனை நாய்தான் இழுத்துப் போகும்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

கடிபட்ட வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்னமும் சிலர் சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் அப்புகிறார்கள். சிலர் ஓதிய தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். துஆ கேளுங்கள், ஆனால் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே ஊசி இலவசம். முதல் நாள் போட்டபின் 3, 7, 28ஆம் நாள்களிலும் போட வேண்டும். இரத்தம் வந்த காயமானால் இம்யூனோகுளோபுலின் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு ஊசியோடு "நன்றாகத்தான் இருக்கிறானே" என்று நிறுத்திவிடாதீர்கள். வெறிநோயின் அறிகுறி தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

அந்த இரண்டு குடும்பங்களையும் வரும் வியாழன் இஷாவுக்குப் பிறகு ஜமாஅத் தலைவர் அழைத்திருக்கிறார். வீட்டிலோ தோப்பிலோ கடையிலோ நாய் வைத்திருப்போர் தடுப்பூசி அட்டையின் நகலை நம் அலுவலகத்தில் கொடுங்கள். அட்டை இல்லாதவர்கள் பெயரை மட்டும் எழுதிக்கொடுத்தால் போதும். எல்லாருக்குமாகச் சேர்த்துக் கால்நடை மருத்துவரிடம் நாம் தேதி கேட்டு வாங்குகிறோம்.