கொடியில் ஏறிய கங்காருவும் கறுப்பு அன்னமும்



கடலில் தூரத்தில் பத்துப் பாய்மரப் படகுகள் போகின்றன. எல்லாப் பாயும் வெள்ளை. எந்தப் படகு எந்தச் சங்கத்தைச் சேர்ந்தது என்று கரையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? இதற்காகவே படகுச் சங்கங்கள் ஆளுக்கொரு சிறிய முக்கோணக் கொடி வைத்துக்கொண்டன. அதற்குப் பர்ஜி என்று பெயர். நாட்டுக் கொடி படகின் பின்பக்கத்தில் பறக்கும், பர்ஜி பாய்மரத்தின் உச்சியில் பறப்பது மரபு. பந்தயம் தொடங்கினால் பர்ஜியை இறக்கிவிட்டு, படகின் சொந்தக்காரர் தமக்கென்று வைத்திருக்கும் நீள்சதுரக் கொடியை ஏற்றுவது பழைய வழக்கம். அதைப் பார்த்தாலே மற்றப் படகுகளுக்குப் புரிந்துவிடும், இவர் போட்டியில் இருக்கிறார் என்று.

இந்தக் கொடிகளில் எழுத்து எழுதிப் பயனில்லை. காற்றில் மடங்கி, சுருண்டு, உப்புநீரில் நனைந்து படபடக்கும் துணியில் யார் எதைப் படிக்க முடியும்? கண்ணுக்கு எட்டுவது நிறமும் உருவமும்தான். அதனால்தான் படகுக் கொடிகளில் விலங்குகளும் பறவைகளும் இவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றன. அதிலும் அந்த ஊருக்கே உரிய விலங்கு என்றால், பெயர் எழுதாமலே ஊர் தெரிந்துவிடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஸ்வான் ஆற்றங்கரையில் இருக்கிறது ராயல் பெர்த் யாட் கிளப். 1983-ஆம் ஆண்டு அந்தச் சங்கத்தின் பெயரில் 'ஆஸ்திரேலியா-2' என்ற படகு அமெரிக்காவின் நியூபோர்ட்டுக்குப் போனது. போட்டி, அமெரிக்கா கோப்பை. 132 ஆண்டுகளாக அந்தக் கோப்பை நியூயார்க் யாட் கிளப்பை விட்டு நகரவே இல்லை. பெர்த் தொழிலதிபர் ஆலன் பாண்ட் 1974, 1977, 1980 என்று மூன்று முறை படகு அனுப்பித் தோற்றிருந்தார். நான்காவது முறை அவருடைய குழு ஒரு புதுக் கொடியோடு வந்தது. பச்சைத் துணியில் மஞ்சள் கங்காரு, இரண்டு கைகளிலும் சிவப்புக் குத்துச்சண்டை உறைகள்.

குத்துச்சண்டை போடும் கங்காரு வெறும் கற்பனை இல்லை. ஆண் கங்காருக்கள் முன்கைகளால் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டு, வாலை ஊன்றி, பின்கால்களால் உதைத்துச் சண்டையிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கங்காருவின் கையில் உறையை மாட்டி, கூடாரத்துக்குள் மனிதனோடு மோதவிட்டுக் காசு பார்த்தார்கள். கொடுமையான வேடிக்கை அது. அந்த இழிவிலிருந்து அந்த உருவத்தை மீட்டுக் கம்பீரமாக நிறுத்தியது இந்தக் கொடிதான் என்பேன்.

ஏழு பந்தயங்களில் நான்கை வெல்ல வேண்டும். ஆஸ்திரேலியா-2 ஒரு கட்டத்தில் ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியது. எதிரில் டென்னிஸ் கானர் செலுத்திய 'லிபர்ட்டி'. அதற்கு மேல் ஒன்றில் தோற்றாலும் ஊர் திரும்ப வேண்டியதுதான். ஜான் பெர்ட்ராண்ட் தலைமையிலான குழு அடுத்த மூன்றையும் வென்றது. பென் லெக்சன் வடிவமைத்த, சிறகு வைத்த அடிக்கட்டைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. போட்டி முடியும்வரை அதை யாரும் பார்க்காதபடி கரையில் திரை போட்டே மறைத்து வைத்திருந்தார்கள். செப்டம்பர் 26-இல் கோப்பை கைமாறியது. கங்காருக் கொடி நாடு முழுவதும் விற்றது. பின்னர் அதன் உரிமையை ஆஸ்திரேலிய ஒலிம்பிக் குழு வாங்கிக்கொண்டது. 2010-இல் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் வீரர்கள் தங்குமிடத்தில் அது தொங்கியபோது, பதிவுசெய்த வணிகச் சின்னம் என்று சொல்லிச் சர்வதேச ஒலிம்பிக் குழு இறக்கச் சொன்னது. ஆஸ்திரேலியாவில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. கொடி இறங்கவில்லை.

கோப்பையைக் காக்கும் போட்டி 1987-இல் பெர்த்தை ஒட்டிய ஃப்ரீமாண்டில் கடலில் நடந்தது. இந்த முறை ராயல் பெர்த் சங்கத்துக்காக இறங்கிய படகின் பெயர் 'குக்கபரா-3'. குக்கபரா, மனிதர் சிரிப்பதுபோலக் கத்தும் பெரிய மீன்கொத்தி. அந்தப் படகு நான்குக்குப் பூஜ்யம் என்று கானரிடம் தோற்றது. அந்தப் பறவையும் அந்த மண்ணுக்கு உரியது இல்லை. கிழக்கு ஆஸ்திரேலியாவில் வாழ்வது, 1890-களின் இறுதியில்தான் மேற்கே கொண்டுவந்து விட்டார்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் சின்னமான பறவை எதுவென்றால், கறுப்பு அன்னம். உடல் கறுப்பு, அலகு சிவப்பு, சிறகை விரித்தால் மட்டும் ஓரத்தில் வெள்ளை தெரியும். ஐரோப்பாவில் கறுப்பு அன்னம் என்றால் உலகில் இல்லாத பொருள் என்றே ரோமானியர் காலத்திலிருந்து பேச்சு. 1697 ஜனவரியில் வில்லெம் டி விளாமிங் என்ற டச்சு மாலுமி இன்றைய ஸ்வான் ஆற்றில் நுழைந்தபோது அவை கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. சிலவற்றைப் பிடித்து பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கொண்டுபோனார். ஆற்றுக்குக் கறுப்பு அன்ன ஆறு என்றே பெயர் வைத்தார். அந்தப் பகுதியின் பழங்குடிகளான நூங்கர் மக்கள் அதற்கு முன்பே, காலங்காலமாக, அதை டெர்பால் யெரிகன் என்று அழைத்து வந்தார்கள். 1854-இல் மேற்கு ஆஸ்திரேலியா என்ற பிரிட்டிஷ் குடியேற்றம் வெளியிட்ட முதல் தபால்தலையிலேயே அந்த அன்னம் நீந்தியது. 1870-இல் அந்தக் குடியேற்றத்தின் கொடியில் ஏறியது: நீலத் துணி, மஞ்சள் வட்டம், நடுவில் கறுப்பு அன்னம். தூரத்திலிருந்து அடையாளம் காண இதைவிடத் தெளிவான கொடி எனக்குத் தெரியவில்லை. சின்னம் என்ற அளவில் கங்காரு நாடு முழுவதற்கும் பொது. அன்னம் அந்த ஆற்றுக்கும் அந்தக் கரைக்கும் சொந்தம். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் என் ஓட்டு அன்னத்துக்குத்தான்.

அந்தக் கொடியில் ஒரு சிறு திருத்தம் பின்னால் நடந்தது. கொடியில் வரையும் விலங்கு கம்பம் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது கொடிக்கலையின் மரபு. காரணம் எளிது. கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தால் கம்பம் முன்னால் போகும், துணி பின்னால் பறக்கும். விலங்கு கம்பத்தைப் பார்த்தால் முன்னேறுகிறது, மறுபுறம் பார்த்தால் புறமுதுகு காட்டி ஓடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் அன்னம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் மறுபுறம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. 1953-இல் அதைத் திருப்பி வரைந்தார்கள். பழைய படம் எதிலாவது கம்பத்துக்கு முதுகு காட்டும் கறுப்பு அன்னத்தைக் கண்டால், அது 1953-க்கு முந்தைய கொடி என்று நீங்கள் அடையாளம் சொல்லிவிடலாம்.