வீடு இங்கே, பெயர் எங்கே?

(தேசிய வாக்காளர் தினமான 25.01.2026 அன்று மாலை நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் நடந்த கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் தம்பி பத்து நிமிடம் பேசுங்கள் என்றார். முப்பத்து மூன்று வருடம் பீரியட் கணக்கில் பேசிப் பழகியவன் நான். கொஞ்சம் கூடினால் மணி அடித்துவிடுங்கள்.

எனக்கு ஊர் எலவனாசூர்கோட்டை. சேலம் போகிறவர்கள் உளுந்தூர்பேட்டையில் திருச்சி ரோட்டை விட்டு மேற்கே திரும்புவீர்கள் அல்லவா, அந்தச் சாலையில் தியாகதுருகத்துக்கு முன்னால் வருகிற ஊர். நான் பிறந்தபோது அது தென்னார்க்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது. எங்கள் வீடு ஓரடி கூட நகரவில்லை, ஆனால் நான் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டேன். எல்லைக்கோடு என்பது எங்கோ ஓர் அலுவலகத்தில் வரைபடத்தின் மேல் போடுவது. ஆனால் அந்தக் கோட்டைப் போடுகிறவர் முன்னால் ஒரு கணக்கு இருக்கும். இத்தனை வீடு, இத்தனை தலை என்று யாரோ ஒருவர் வெயிலில் நடந்து எண்ணிக் கொடுத்த கணக்கு. 1991, 2001, 2011 என்று மூன்று முறை அந்த வேலையைச் செய்தவன் நான்.

எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் முதல் பாடம், குடும்பம் என்றால் யார் என்பது. ஒரே சமையலில் சாப்பிட்டு, வழக்கமாக ஒன்றாக வசிப்பவர்கள் ஒரு குடும்பம். அண்ணன் தம்பி ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் அடுப்பு இரண்டு என்றால் குடும்பம் இரண்டு. ரத்த உறவே இல்லாத நான்கு பேர் ஒரே சமையலில் சாப்பிட்டால் அது ஒரு குடும்பம். மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான் என்றால், அம்மா எவ்வளவு அழுதாலும் அவனை இங்கே எழுதக் கூடாது, அவன் அங்கே எண்ணப்படுவான். வீடே இல்லாதவர்களை எண்ணுவதற்கென்று ஓர் இரவு உண்டு. 2011-ல் பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு. பஸ் நிறுத்தத்திலும் கோயில் வாசலிலும் டார்ச் அடித்துப் போய் எழுதினோம்.

அந்த 2011 கணக்குதான் கடைசி. 2021-ல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. இன்றும் அரசாங்கக் கணக்கில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம்தான். மாநகராட்சி வார்டு எல்லை அந்தக் கணக்கில். ரேஷன் அரிசிக்கு மத்திய அரசு ஒதுக்கும் அளவும் அந்தக் கணக்கில். இங்கே கையைத் தூக்குங்கள் பார்ப்போம், 2011-ல் இந்த இடத்தில் குடியிருந்தவர்கள் எத்தனை பேர்? (யாரும் கை தூக்கவில்லை.) பாருங்கள், நாம் யாருமே அந்தக் கணக்கில் இந்த இடத்தில் இல்லை.

சட்டமன்றத் தொகுதிக் கணக்கு இதைவிடப் பழையது. இப்போதுள்ள எல்லைகள் 2008-ல் வந்தவை. அதற்கு அடிப்படை 2001 கணக்கெடுப்பு. நம் சோழிங்கநல்லூர் தொகுதி அப்படித்தான் பிறந்து, 2011-ல் முதல் தேர்தலைப் பார்த்தது. 2001-ல் பழைய மகாபலிபுரம் சாலையின் இரண்டு பக்கமும் எப்படி இருந்தது என்று இங்கே பழைய ஆட்கள் யாராவது இருந்தால் சொல்வார்கள். வயலும் சதுப்பு நிலமும்தான் அதிகம்.

பிறகு என்ன நடந்தது? ஐ.டி. கம்பெனிகள் வந்தன, நம்மைப் போன்றவர்களுக்கு அபார்ட்மெண்ட் வந்தது. இன்னொன்றும் நடந்தது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை. கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் நகரத்துக்கு நடுவே இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். கண்ணகி நகரில் 15,000 வீடுகளுக்கு மேல், பெரும்பாக்கத்தில் 20,000 வீடுகளுக்கு மேல் அரசு கட்டியது. நகரத்தின் நடுவில் குறைந்த தலைகளில் ஒரு பகுதி இங்கே வந்து கூடியிருக்கிறது. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாக்கள் பலர் அங்கிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கும் நமக்கும் ஒரே எம்.எல்.ஏ. தான்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். 2021 ஜனவரியில் வந்த வாக்காளர் பட்டியலில் நம் தொகுதிதான் தமிழ்நாட்டிலேயே பெரியது. 6.9 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். மிகச் சிறியது சென்னைத் துறைமுகம், சுமார் 1.76 லட்சம். எங்கள் ஊர் இருக்கும் உளுந்தூர்பேட்டைத் தொகுதியில் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றுக்கும் தலா ஓர் எம்.எல்.ஏ. அவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எல்லாத் தொகுதிக்கும் ஒரே தொகை. துறைமுகத்தில் ஒரு வாக்காளருக்கு வகுத்தால் 170 ரூபாய் வரும். உளுந்தூர்பேட்டையில் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். நமக்கு 43 ரூபாய். மழைநீர் வடிகால் ஏன் வரவில்லை என்று நம் வாட்ஸ்அப் குழுவில் வருடா வருடம் நவம்பரில் கேட்கிறோமே, அதற்கு இது முழு பதில் இல்லை. ஆனால் பதிலில் ஒரு பங்கு இதிலும் இருக்கிறது.

அடுத்தது கொஞ்சம் கசப்பு. 2021 தேர்தலில் உளுந்தூர்பேட்டையில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். நம் தொகுதியில் 55 விழுக்காட்டு அளவில்தான் பதிவானது. படித்தவர்கள் ஓட்டுப் போடுவதில்லை என்று பத்திரிகைகள் நம்மைத் திட்டின. நானும் அப்போது திட்டினேன். ஏனென்றால் 2019-லேயே மகன் வீட்டுக்குக் குடிவந்துவிட்டாலும் எனக்கு ஓட்டு ஊரில்தான் இருந்தது. பஸ் ஏறிப் போய்ப் போட்டுவிட்டு வந்து, மை வைத்த விரலை லிஃப்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

போன நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தது, எஸ்.ஐ.ஆர். என்கிறோமே அதுதான். டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலம் முழுக்க 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். இரண்டு இடத்தில் பதிவானவர்கள் 3 லட்சத்துக்கு மேல். மீதி 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள், அல்லது முகவரியில் இல்லாதவர்கள். நம் தொகுதி தேர்தல் கணக்கில் செங்கல்பட்டு மாவட்டத்தில் வருகிறது. அந்த மாவட்டத்தில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேல் குறைந்தது. அப்படியானால் அந்த 55 விழுக்காட்டில் சோம்பேறித்தனம் எவ்வளவு, ஊரை விட்டே போய்விட்டவர்களின் பெயர் எவ்வளவு என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வாடகைக்கு இரண்டு வருடம் இருந்துவிட்டுப் புனேக்குப் போனவர் பெயர் இங்கே. இங்கே பத்து வருடமாக இருப்பவர் பெயர் மதுரையில்.

அந்த 66 லட்சத்தில் ஒருவன் நான்.

எங்கள் பகுதி பி.எல்.ஓ. என்னிடம் படித்த பெண். படிவத்தோடு மூன்று தடவை வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீடு பூட்டியிருக்கிறது. போன் செய்தாள். "சார், ஃபார்மை என்ன செய்யட்டும்?" என்றாள். "வீடு என் பேரில்தானே இருக்கிறது, வரி கட்டுகிறேன், பொங்கலுக்கு வந்து வெள்ளை அடிக்கிறேன், எழுதிக்கொள்ளம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சார், நீங்க இப்ப எந்த வீட்டுல சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள்.

2011-ல் வகுப்பில் நான்தான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் மறக்கவில்லை. எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. சட்டமும் அதையேதான் சொல்கிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில், ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை அங்கே வசிப்பவராகக் கொள்ள முடியாது என்று இருக்கிறது. வரைவுப் பட்டியலில் இல்லாதவர்கள் வரிசையில் என் பெயரைப் பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் தெருவில் எத்தனை இறந்தவர் பெயரை நான் கணக்கிலிருந்து விட்டிருப்பேன்! ஆனால் அது தவறு இல்லை. நான் இங்கேதான் சாப்பிடுகிறேன், இங்கேதான் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறேன், இந்த ரோட்டில்தான் என் பேரப்பிள்ளைகள் ஸ்கூல் வேன் ஏறுகிறார்கள். இங்கே பெயர் சேர்க்க விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். இறுதிப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறேன்.

சரி, இனி நாம் செய்ய வேண்டியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மறுபடியும் வருகிறது. முதலில் வீடுகளை எண்ணுவார்கள். இந்த வருடம் ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையே ஒவ்வொரு மாநிலத்துக்கும் 30 நாள். ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். அடுத்த தொகுதி எல்லை எந்தக் கணக்கில், எப்போது வரும், தமிழ்நாட்டுக்கு நாடாளுமன்ற இடங்கள் என்ன ஆகும் என்பதெல்லாம் பெரிய விவாதம், அது இந்த மேடைக்கு வேண்டாம். எந்தக் கோடு வந்தாலும் அதற்கு முன்னால் ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு எடுக்க வருகிறவர் நம் மெயின் கேட்டில்தான் நிற்பார்.

எண்ணியவன் என்ற முறையில் சொல்கிறேன், கிராமத்தில் கணக்கெடுப்பது எளிது. திண்ணையில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக் கணக்கும் சேர்ந்து வந்துவிடும். அபார்ட்மெண்டில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறதா என்பதே தெரியாது. இண்டர்காமில் எடுக்காவிட்டால் அந்த வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று சொல்லவும் ஆளில்லை.

அதனால் சங்கத்துக்கு நான்கு வேண்டுகோள். ஒன்று, கணக்கெடுப்பாளர் அடையாள அட்டையோடு வந்தால் கேட்டில் நிறுத்தி வைக்காமல், பிளாக்குக்கு ஒரு தொண்டரை உடன் அனுப்புங்கள். இரண்டு, வாடகைக்கு இருப்பவர்களும் கணக்கில் வர வேண்டும். ஓனர் துபாயில் இருந்தால் அவர் பெயர் இங்கே வேண்டாம், உள்ளே ஒரே சமையலில் சாப்பிடும் நான்கு இளைஞர்கள் பெயர்தான் வேண்டும். மூன்று, ஆள் இல்லாத ஃபிளாட் எத்தனை என்று அலுவலகத்தில் சரியான பட்டியல் வையுங்கள். காலி வீடும் கணக்கில் ஒரு விவரம்தான். நான்கு, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் தங்கியிருக்கும் செக்யூரிட்டி தம்பிகளையும் ஹவுஸ்கீப்பிங் குடும்பத்தையும் விட்டுவிடாதீர்கள். அவர்களும் இங்கேதான் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களையும் சேர்த்தால்தான் நம் குடியிருப்புக் கணக்கு முழுமை.

ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர்தான் உச்சவரம்பு என்று தேர்தல் ஆணையம் வைத்திருக்கிறது. பெரிய குடியிருப்புகளுக்கு உள்ளேயே சாவடி அமைக்கவும் வழி செய்திருக்கிறது. ஆனால் பட்டியலில் நம் பெயர் இருந்தால்தான் நமக்குச் சாவடி கேட்க வாய் இருக்கும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் எல்லோரும் வரைவுப் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் என்னிடம் வாருங்கள், படிவம் நிரப்பித் தருகிறேன். எனக்கு அது பழகின வேலை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். "கோபமா சார்?" என்றாள். "இல்லம்மா, சரியாத்தான் எழுதியிருக்க" என்றேன். வெள்ளை அடித்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். அந்த வீடு என்னுடையதுதான். ஆனால் அடுத்த முறை எண்ணும்போது என் தலை இந்த பி பிளாக்கில் இருக்கும். உங்கள் தலையும் இங்கே இருக்கட்டும்.