லாரிக்கு வரி, கழிவது நம்ம சிட்டையிலே!

(பெருமாநல்லூர் விவசாயிகள் விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லி 1970 ஜூனில் போராடி, துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர்விட்ட ஊர் இது. பைசாக் கணக்குக் கேட்பது நமக்குப் புதுசல்ல. இன்னைக்குக் கேட்கப் போவது லாரிக் கணக்கு.

"லாரிக்காரர் வரி கட்டினா நமக்கென்னங்க?" என்று கேட்பீர்கள். மண்டிச் சிட்டையை எடுத்துப் பாருங்க. கமிஷன், இறக்குக்கூலி, அப்புறம் லாரி வாடகை. எல்லாம் கழிச்சுத்தான் மீதி கைக்கு வருது. பனியன் கம்பெனிக்காரர் வாடகையைச் சரக்கு விலையிலே சேர்த்துப் போட்டுக்குவார். நாம யார் தலையிலே போடுறது? விலையை மண்டி சொல்லுது, வாடகையை லாரி ஆபீஸ் சொல்லுது.

அந்த வாடகைக்குள்ளே என்னென்ன வரி இருக்குது? முதலாவது, மாநில அரசின் காலாண்டு வரி. 1974-ம் ஆண்டுச் சட்டப்படி, வண்டியோட மொத்த எடையைப் பார்த்து மூணு மாசத்துக்கு ஒருதரம் கட்டணும். 2023 நவம்பரில் இதை ஏற்றியபோது லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். வெளிமாநிலம் போனால் நேஷனல் பர்மிட்டுக்கு வருஷம் 16,500 ரூபாய். டீசலிலே மத்திய அரசின் சாலை செஸ். செஸ் என்று பெயர் வைத்துவிட்டால் நிதிக்குழுப் பங்கீட்டில் மாநிலத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பேர் வைக்கிறதிலே டெல்லிக்காரங்க கெட்டி!

எடைக்குத் தகுந்த வரி தப்பு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை ரோடு போட்டு, லாரிகளை ஓட்டியே சோதித்தார்கள். அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று தெரிந்தது. சாயப்பட்டறைக்கு நம்ம கிணத்துத் தண்ணியை ஏத்திப் போன டேங்கர் லாரிகள் ஊர் ரோட்டை என்ன பாடு படுத்தின என்று உங்களுக்கே தெரியும். கெட்டது ஊராட்சி ரோடு. வரி போனது சென்னைக்கு. அந்த வரியில் ஒரு பங்கு ஊராட்சி ரோட்டுக்குத் திரும்பி வரணும் என்பது நம்ம முதல் கோரிக்கை.

அடுத்தது சுங்கச்சாவடி. மஞ்சளை ஈரோட்டுக்குக் கொண்டுபோனால் விஜயமங்கலம். காய்கறியைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனால் கணியூர். விதிப்படி கட்டணம் வருஷத்துக்கு 3 சதவீதம் தானாக ஏறும். அதுக்கு மேலே மொத்த விலைக் குறியீடு ஏறினதில் 40 சதவீதமும் சேரும். நம்ம தக்காளிக்கு இப்படி ஒரு விதி எழுத யாருக்காவது தோணுச்சா?

2008-ம் ஆண்டுக் கட்டண விதியில் ஒரு சலுகை இருக்குதுங்க. சாவடி இருக்கிற மாவட்டத்திலே பதிவான வாடகை வண்டிக்குப் பாதிக் கட்டணம். நேஷனல் பர்மிட் வண்டிக்குக் கிடையாது. மாற்று வழி இருந்தாலும் கிடையாது. சரி, நமக்குக் கிடைக்குமா? விஜயமங்கலம் ஈரோடு மாவட்டம். கணியூர் கோவை மாவட்டம். 2009-ல் திருப்பூர் தனி மாவட்டம் ஆச்சு. நாம நடுவிலே நிற்கிறோம். கிழக்கே போனாலும் முழுக் கட்டணம், மேற்கே போனாலும் முழுக் கட்டணம்! மாவட்ட எல்லையைப் பார்க்காமல், சாவடியிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று தூரத்தைப் பார்த்து இந்தச் சலுகையைக் கொடு என்கிறோம்.

இன்னொன்று. டிராக்டருக்கும் அறுவடை மெஷினுக்கும் தேசிய நெடுஞ்சாலையில் சுங்கம் கிடையாது. ஆனால் சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்திலே அதில்தான் போகணும். யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்க. ரசீதோடு சங்கத்துக்கு வாங்க.

லாரி, டெம்போ வைத்திருக்கிறவர்கள் ஆர்.சி. நகலும் சுங்கம் கழிந்த விவரமும் கொண்டு வாங்க. மற்றவர்கள் வாடகை எழுதிய மண்டிச் சிட்டையைக் கொடுங்க. சுங்க மனு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் கலெக்டருக்கும் போகுது. காலாண்டு வரிக்கான மனு தனி, அது சென்னைக்கு. இரண்டு தாளும் மேடைக்குப் பக்கத்து மேசையில் இருக்குது. படிச்சுப் பார்த்துட்டு இரண்டிலேயும் கையெழுத்துப் போடுங்க.