திரையில் நிறம் மாறித் தெரிந்தால் எங்கே பார்ப்பது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டர் திரையில் நிறம் லேசாக மாறித் தெரிவதைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிலருக்குத் தோன்றலாம். போன மாதம் நம் பராமரிப்புச் சந்தா கணக்கு எல்லோருக்கும் எக்செல் தாளாக வந்தது. பாக்கி உள்ள வீடுகளுக்கு இளம் ஆரஞ்சு, முன்பணம் கட்டிய வீடுகளுக்கு இளமஞ்சள். ஒரு அம்மாவின் லேப்டாப்பில் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்துவிட்டது. ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டியவர் அவர். "என்னையும் பாக்கிக்காரங்க லிஸ்ட்ல சேத்துட்டீங்களே" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வருத்தம் தீர நாலு நாள் ஆனது. ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

வங்கியில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் எல்லா லெட்ஜரையும் ஒரே நேரத்தில் புரட்ட மாட்டோம். வித்தியாசம் எந்தப் பக்கத்தில் நுழைந்தது என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். இங்கேயும் அதே வேலைதான். நிறம் கெடுகிற இடங்கள் மூன்று: கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருள், கண்ணாடித் திரை, நம் கண்.

பிரிப்பதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. விண்டோஸ் கீயோடு பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தினால் திரை அப்படியே படமாகப் பதிவாகும். அந்தப் படத்தை வேறு ஒரு போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு தெரிந்தால் தவறு மென்பொருளில். அங்கே சரியாகத் தெரிந்தால் உங்கள் திரையில், அல்லது 'நைட் லைட்' என்ற வசதியில். நைட் லைட் நீல ஒளியைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்கும். ஆனால் பதிவான படத்தில் அந்த மஞ்சள் ஏறாது. நம்மில் ஒருவருக்கு ஒரு கடையில் டிஸ்பிளேயையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். நைட் லைட்டை அணைத்ததும் சரியாகிவிட்டது. செலவு பூஜ்யம்.

விலை குறைந்த லேப்டாப்களில் இன்னொரு சங்கதி. திரையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். மேல்பகுதி ஒரு நிறமாகவும் கீழ்ப்பகுதி வெளுத்தும் தெரிந்தால் அது அந்தத் திரையின் இயல்பு. ரிப்பேர் செய்ய ஒன்றும் இல்லை. நேர் எதிரே உட்கார வேண்டியதுதான்.

அடுத்தது கண். அறுபதைத் தாண்டியவர்கள் கவனித்துக் கேளுங்கள். கண்புரை வளர வளர லென்ஸ் மஞ்சளடித்துப் போகும். வெள்ளையும் இளமஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும். மெதுவாக வருவதால் நமக்கே தெரியாது. ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு அந்தக் கண்ணில் வெள்ளை சற்று நீலமாகவும், மற்றதில் பழுப்பாகவும் தெரியும். ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் கம்ப்யூட்டர் கடைக்குப் போக வேண்டாம், டாக்டரிடம் போங்கள். நம் ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனை 1985-லிருந்தே இருக்கிறது.

இனி மென்பொருள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களாக எழுதி வைக்கிறது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். கண்ணுக்குச் சந்தேகம் வந்தால் எண்ணைக் கேட்டுவிடலாம். பதிவு செய்த படத்தை பெயிண்ட்டில் திறந்து, சொட்டுமருந்துக் குழாய் போலிருக்கும் கருவியால் அந்த இடத்தைத் தொட்டு, 'எடிட் கலர்ஸ்' போனால் மூன்று எண்களும் வரும். ஒரு சாம்பல் 237, 237, 237; பக்கத்துச் சாம்பல் 232, 232, 231 என்றால் உங்கள் கண் பொய் சொல்லவில்லை. எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். முப்பது வருடம் எண்களோடு வாழ்ந்தவனுக்கு வேறென்ன பிடிக்கும்?

விண்டோஸில் பெரும்பாலும் இதற்குக் காரணம் 'ட்ரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ்'. பின்னால் இருக்கும் படத்தின் சாயல் கீழே உள்ள பட்டையில் கசியும். பேரன் பேத்தி படத்தை மாற்றினால் பட்டையின் நிறமும் மாறும். செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், கலர்ஸ் என்று போய் அதை அணையுங்கள். அங்கேயே நிறத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள்.

பல வீடுகளில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் ஓடுகிறது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம். ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. லினக்ஸில் தீம் மாற்றினால் ஒரு ஜன்னல் ஒரு சாம்பலிலும் அடுத்தது வேறு சாம்பலிலும் நிற்கும். பழைய புரோகிராம்கள் ஜிடிகே 2 என்ற கருவித்தொகுப்பில் எழுதப்பட்டவை, புதியவை ஜிடிகே 3-ல். தீம் ஒரே பெயர்தான். ஆனால் உள்ளே இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர், தனித்தனி நிறப்பட்டியல். ஒரே கிளையில் இரண்டு லெட்ஜர் வைத்து, ஒன்றில் மட்டும் பதிந்த மாதிரி. இரண்டு ஃபோல்டரும் உள்ள தீமைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கூடவே வந்த தீமை மாற்றாமல் விடுவது அதைவிட நல்லது.

போடி ஏலக்காய் ஏலத்தில் விலை கம்ப்யூட்டரில் ஓடுகிறது. ஆனால் சாம்பிள் வியாபாரி கையில் இருக்கிறது. பச்சையைத் திரையில் பார்த்து யாரும் விலை கேட்பதில்லை. நம் சந்தாக் கணக்கிலும் இனி நிறத்தோடு 'பாக்கி', 'முன்பணம்' என்று எழுத்திலும் ஒரு பத்தி போடும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். சந்தேகம் உள்ளவர்கள் லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள். சார்ஜரையும் மறக்காதீர்கள், அங்கே ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான்.